காய்ச்சல் வந்தது எத்தனாவது வாரம்?

முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு உடம்பு சுட்டால் கொங்குநாட்டு வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன காச்சலுங்க?" என்பதுதான். டெங்குவா, டைபாய்டா, வெறும் சளியா? பெயர் தெரிந்துவிட்டால் பாதி நிம்மதி. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நான்காவதாக வரலாம். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. இது எத்தனாவது வாரம்? சூடு எவ்வளவு ஏறியது? எத்தனை நாள் இறங்காமல் நின்றது?

வாரம் என்றால் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் வாரம். கரு உண்மையில் தரிப்பது அதற்குச் சுமார் 2 வாரம் கழித்து. 40 வாரம் என்பது 280 நாள், அதாவது 28 நாள் கொண்ட மாதங்கள் பத்து. பாட்டிமார் சொல்லும் "பத்து மாசம்" இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. காலண்டர் மாதத்தில் எண்ணத் தொடங்கியபோதுதான் குழப்பம் வந்தது. "அஞ்சாம் மாசம்" என்று ஒருவர் சொன்னால் 17-ஆம் வாரமாகவும் இருக்கலாம், 22-ஆம் வாரமாகவும் இருக்கலாம். மூளை வளர்ச்சியில் அந்த 5 வாரம் பெரிய இடைவெளி. அதனால் காய்ச்சல் வந்த தேதியை தாய் சேய் நல அட்டையின் ஓரத்திலாவது எழுதி வையுங்கள். மீதிக் கணக்கைச் செவிலியர் போட்டுக்கொள்வார்.

மூளை உருவாகும் வரிசையைச் சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்வது சுலபம். பாவில் ஒரு இழை தப்பினால் துணியின் நீளம் முழுக்க அந்தக் கோடு ஓடும். ஊடையில் தப்பினால் அந்த இடத்தில் மட்டும் தெரியும். கருவின் மூளைக்குப் பாவு ஓடும் காலம் முதல் 20 வாரம். நரம்புக்குழாய் கரு தரித்து 28 நாளுக்குள், அதாவது 6-ஆவது வாரத்தில், மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கிறதே என்று பரிசோதனைப் பட்டையை வாங்கிப் பார்க்கும் நேரத்தில் அந்த வேலை பாதிக்கு மேல் முடிந்திருக்கும். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். தினம் 400 மைக்ரோகிராம் போதும்.

அதன் பிறகு மூளையின் நடுவே உள்ள திரவ அறைகளை ஒட்டி நரம்புச் செல்கள் லட்சம் லட்சமாகப் பிறக்கின்றன. கம்பி போல் நீண்ட தாங்கு செல்களைப் பிடித்துக்கொண்டு அவை வெளியடுக்குக்கு ஏறுகின்றன. இந்த ஏற்றம் 12 முதல் 20 வாரம் வரை உச்சத்தில் நடக்கிறது. 24 வாரத்துக்குப் பிறகு ஊடை நூல் ஓடத் தொடங்குகிறது. செல்களுக்கிடையே இணைப்புகள் உருவாகின்றன, நரம்பு இழைகளுக்கு மேலுறை போடப்போகும் இளம் செல்கள் பெருகுகின்றன. அந்த இளம் செல்கள் அழற்சியையும் ஆக்சிஜன் குறைவையும் தாங்காதவை. 24 முதல் 32 வாரம் வரை அவற்றுக்கு மிக நொய்ந்த காலம்.

தாயின் தொற்று இந்த வேலைக்குள் கைவைக்க மூன்று வழி உண்டு. கிருமியே நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குள் போவது ஒன்று. கிருமி தாயிடமே நின்றுவிட, அதை எதிர்க்கத் தாயின் உடல் கிளப்பும் அழற்சி குழந்தையைத் தொடுவது இன்னொன்று. தொற்றினால் குறைமாதப் பிரசவம் ஆகி, முடிக்காத வேலையோடு மூளை வெளியே வந்துவிடுவது மூன்றாவது. இணையத்தில் பேசப்படுவது பெரும்பாலும் முதல் இரண்டும். வீட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுக்க முடிகிற அளவில் பார்த்தால் மூன்றாவதுதான் முதலில் நிற்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வழியின் பழைய சாட்சி ருபெல்லா. 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கவனித்து எழுதினார். 1964-65-இல் அமெரிக்காவில் அந்த நோய் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் கண், காது, இதயம், மூளை பாதிப்போடு பிறந்தனர். தாய்க்கு இரண்டு நாள் லேசான காய்ச்சலும் பொரிப்பொரியாகத் தடிப்பும் வந்து போயிருக்கும், அவ்வளவுதான். முதல் 12 வாரத்துக்குள் வந்தால் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குப் பாதிப்பு. 20 வாரம் தாண்டினால் அரிது. வாரத்தின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குப் போட்டார்கள். அப்போது பள்ளியை முடித்துவிட்டிருந்த பெண்கள் அந்த வலைக்குள் வரவில்லை. இப்போது 25 வயது தாண்டி, கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் பெண்ணுக்கு மண்டபம் பார்க்கும் நேரத்திலேயே ருபெல்லா எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஐஜிஜி பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். எதிர்ப்பொருள் இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். உயிருள்ள கிருமி ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடமாட்டார்கள். தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்கத் தேவையில்லை.

டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியில் கணக்கு சற்று வினோதம். கர்ப்பத் தொடக்கத்தில் அது குழந்தைக்குத் தாண்டுவது குறைவு, தாண்டினால் சேதம் பெரிது. கடைசி மாதங்களில் எளிதாகத் தாண்டும், சேதம் சிறிது. பூனைக் கழிவிலும் வேகாத கறியிலும் அது இருக்கும். பூனை போட்ட கழிவு அந்த நாளே தொற்றாது, 1 முதல் 5 நாள் ஆக வேண்டும். ஆகவே பூனையை விரட்ட வேண்டியதில்லை, கழிவை வேறு யாராவது தினமும் அள்ளினால் போதும். தோட்டத்தில் கீரை பறித்தால் ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். நம் சமையலில் கறியை நன்றாக வேக வைக்கிறோம் என்பதால் அந்தப் பக்கம் பயம் குறைவு. வறுவலில் உப்பு காரம் சரியா என்று அரைவேக்காட்டில் எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கள்.

ஜிகாவை 2015-16-இல் பிரேசில் காட்டிக்கொடுத்தது. நரம்புச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களையே அந்த வைரஸ் கொல்கிறது. அதனால்தான் குழந்தைகள் மிகச் சிறிய தலையோடு பிறந்தன. 2021 ஜூலையில் கேரளத்தில் அது தெரியவந்தபோது முதலில் கண்டறியப்பட்டவர் ஒரு கர்ப்பிணி. வாளையாறு தாண்டினால் கோவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது. டெங்கு ஜிகா போல் மூளையின் உருவத்தைக் கெடுப்பதாக நிறுவப்படவில்லை. அதில் ஆபத்து ரத்தக்கசிவும் குறைமாதப் பிரசவமும்.

இந்தக் கொசுவைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் பாதி வேலைதான் நடக்கிறது. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் தாமதமாகவோ வரும் தெருக்களில் தொட்டியும் டிரம்மும் நிறைத்து வைக்காமல் முடியாது. ஏடிஸ் முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் உள்சுவரில் ஒட்டுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காய வைத்தால் முட்டை சாகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த முறை தண்ணீர் ஏறும்போது பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, தேங்காய் நாரோ பிரஷோ கொண்டு உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாள், அதனால்தான் வாரம் ஒரு தடவை. மேலே துணியை வெறுமனே போர்த்தாமல் இழுத்துக் கயிறு கட்டுங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லையும் அதே நாளில் பாருங்கள். கடிப்பது பகலில் என்பதால் மதியம் தூங்கும் கர்ப்பிணிக்கும் கொசுவலை வேண்டும்.

அம்மைக்கு வருவோம். பங்குனி சித்திரையில் மாரியம்மன் கம்பம் நடும் காலமும் சின்னம்மை பரவும் காலமும் ஒன்றாக வருகின்றன. வீட்டில் ஒருவருக்கு "அம்மா வந்திருக்கா" என்றால் வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள், வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. தனிமைப்படுத்தல் என்ற அளவில் அருமையான ஏற்பாடு. ஆனால் தடிப்பு தெரிவதற்கு 2 நாள் முன்பிருந்தே நோய் தொற்றும், கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். வேப்பிலை ஏறும்போது வீட்டிலிருக்கும் கர்ப்பிணி ஏற்கெனவே இரண்டு நாள் அந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார். இன்னொரு சிக்கல், அம்மை என்றால் மருந்து கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. அம்மனுக்குச் செய்வதைச் செய்யுங்கள், தண்ணீர் ஊற்றுவதையும் முறைப்படி செய்யுங்கள், மருத்துவரையும் அன்றே கூப்பிடுங்கள்.

சிறு வயதில் அம்மை போட்டிருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. போடவில்லை அல்லது தெரியாது என்றால், வீட்டில் யாருக்காவது கண்ட அன்றே ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி உண்டு, விலை அதிகம், தொடர்பு ஏற்பட்டு 10 நாளுக்குள் போட்டால்தான் பயன். கர்ப்பிணிக்கே கொப்புளம் வந்துவிட்டால், 20 வாரம் ஆகியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கச் சொல்வார்கள்: 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். அதற்கு முந்தைய வாரங்களில் மருத்துவர் எடைபோட்டு முடிவு செய்வார். குழந்தைக்கு மூளைச் சுருக்கம், கண் பாதிப்பு, கைகால் குறைவளர்ச்சி வரும் வாய்ப்பு 13 முதல் 20 வாரத்தில்கூட நூற்றுக்கு 2 அளவில்தான். தாயின் நுரையீரலில் அது இறங்கும் ஆபத்து அதைவிடப் பெரிது. மூச்சு வாங்கினால் 108. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்கு அம்மை கண்டால் குழந்தைக்குக் கடுமையாக வரும், ஏனென்றால் தாயின் எதிர்ப்பொருள் போய்ச்சேர நேரம் இருந்திருக்காது.

பாலுறவில் தொற்றும் சிபிலிஸ் பற்றிச் சுருக்கமாக: முதல் பதிவின்போதே அதற்கான விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள். வெட்கப்பட்டோ கோபப்பட்டோ அதைத் தவிர்க்க வேண்டாம். பெனிசிலின் ஊசியில், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட்டால், குழந்தை காப்பாற்றப்படுகிற நோய் இது. இத்தனை மலிவாகத் தடுக்கக்கூடிய மூளைச் சேதம் வேறு அதிகம் இல்லை.

இரண்டாவது வழி ஆராய்ச்சி உலகில் பெரிய சர்ச்சை. எலிகளில் காட்டியது தெளிவு. உயிருள்ள கிருமி எதுவும் இல்லாமல், வைரஸைப் போல் வேடமிட்ட ஒரு செயற்கை ஆர்என்ஏ-வைச் சினை எலிக்குச் செலுத்தினால் போதும், குட்டிகள் மற்ற எலிகளோடு சேராமல், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும். 2007-இல் கலிஃபோர்னியாவில் பால் பேட்டர்சன் குழு, இன்டர்லூகின்-6 என்ற ஒற்றை அழற்சிப் புரதமே இதற்குப் போதும் என்று காட்டியது. அதைத் தடுத்தால் குட்டிகள் இயல்பாக இருந்தன. 2016-இல் இன்னொரு குழு இன்டர்லூகின்-17ஏ என்ற அடுத்த கண்ணியைக் கண்டது. அதற்கடுத்த ஆண்டு வந்த முடிவு இன்னும் சுவாரசியம்: தாயின் குடலில் ஒரு குறிப்பிட்ட வகை பாக்டீரியா இல்லையென்றால் இந்தச் சங்கிலியே ஓடுவதில்லை. ஒரே காய்ச்சல் வந்த இரண்டு தாய்மாரின் குழந்தைகள் ஏன் வேறு வேறாக இருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு தடயம்.

மனிதர்களில் கதை இவ்வளவு நேர்த்தியாக இல்லை. சுவீடனில் 18 லட்சம் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு 2019-இல் வந்தது. கர்ப்பத்தில் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டது. நார்வே ஆய்வில், இரண்டாம் மும்மாதத்தில் காய்ச்சல் வந்திருந்தால் ஆட்டிச வாய்ப்பு 40 சதவீதம் கூடியது. படித்ததும் பதறத் தோன்றும். நூற்றில் ஒன்று என்று இருந்தது நூற்றில் 1.4 ஆகிறது என்பதே அந்த 40 சதவீதம். 2022-இல் மீண்டும் சுவீடனிலிருந்து, ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அதில் கர்ப்பத்துக்கு முந்தைய ஆண்டில் தொற்று வந்த தாய்மாரிடமும் அதே தொடர்பு தெரிந்தது. உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு பெருமளவு மங்கியது. அதாவது குடும்பத்தில் ஓடும் மரபும் சூழலும் இரண்டையும் சேர்த்து இழுத்திருக்கலாம்.

எனவே, "உனக்குக் காச்சல் வந்ததாலதான் புள்ளை இப்படி" என்று பேச்சு வராத நான்கு வயதுக் குழந்தையின் தாயைப் பார்த்து மாமியாரோ நாத்தனாரோ சொல்வதற்கு இன்றைய அறிவில் ஆதாரம் கிடையாது. ஒரு தனிக் குழந்தையைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. அதே சமயம் காய்ச்சலை அப்படியே விட்டுவிடவும் காரணம் இல்லை. நரம்புக்குழாய் மூடும் வாரங்களில் உயர்ந்த உடல்சூடு அந்த மூடுதலைக் கெடுக்கும் என்பதற்கான சான்று பழையது, வலுவானது. நார்வே ஆய்வில் அதிகம் கூடியது 12 வாரத்துக்குப் பின் மூன்று தடவையோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டவர்களிடம். சூட்டின் அளவும் நீளமும்தான் நம் கைக்குள் இருப்பவை.

அதனால் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். நெற்றியில் கைவைத்துப் பார்ப்பது தாய்ப்பாசம், அளவு ஆகாது. நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். வெந்நீரோ காபியோ குடித்திருந்தால் 15 நிமிடம் பொறுங்கள். அக்குளில் வைத்தால் அரை முதல் ஒரு டிகிரி குறைவாகக் காட்டும். 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் காய்ச்சல். பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில். கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டே போட வேண்டும். பாராசிட்டமாலால் ஆட்டிசம் வரும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் கிளம்பிய பேச்சைக் கேட்டுப் பலர் இந்த மாத்திரையைக் கண்டு ஒதுங்குகிறார்கள். 2024-இல் வெளியான, சுமார் 25 லட்சம் சுவீடன் குழந்தைகளைப் பார்த்த ஆய்வில், உடன்பிறந்தோரை ஒப்பிட்டபோது பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. காய்ச்சலைக் காய விடுவதே பெரிய தவறு.

அடுத்த தவறு கனத்த போர்வையைப் போர்த்தி வேர்க்க வைப்பது. வேர்த்த பின் சூடு இறங்கும் என்பது உண்மை, அதற்கு முன் போர்வைக்குள் ஏறுகிற சூட்டை யாரும் அளப்பதில்லை. மெல்லிய துணி, மின்விசிறி, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தல், மணிக்கு ஒரு டம்ளர் ஏதாவது குடிப்பது. அதைவிட மோசமான தவறு, "ஒரு ஊசி போட்டுட்டு வந்தர்லாமுங்" என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் என்ன ஊசி என்று கேட்காமல் போட்டுக்கொள்வது. வலிக்கும் காய்ச்சலுக்கும் சட்டென்று கேட்கும் டைக்ளோஃபினாக் ஊசி 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பன்னீர்க்குட நீரைக் குறைக்கலாம். டெங்கு இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டலாம். மாத்திரைச் சீட்டையும் ஊசியின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

மாத்திரைக்கு இறங்கி இறங்கி ஏறும் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால், அல்லது 102 தொட்டால், மருத்துவமனைதான். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் சத்தியமங்கலம், ஆனைமலை அடிவாரத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஐந்தாறு நாள் விடாத காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பீடியால் சுட்டது போல் இருக்கும், வலிக்காது. அது சிறு உண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். தாமதித்தால் கருவே தங்காமல் போகலாம்.

இனி மூன்றாவது வழி. அதன் பெரிய வாசல் சிறுநீர்த் தொற்று. நூற்றில் 2 முதல் 10 கர்ப்பிணிகளுக்கு எந்த எரிச்சலும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். கவனிக்காமல் விட்டால் நான்கில் ஒருவருக்காவது அது சிறுநீரகத்துக்கு ஏறும். குளிர் நடுக்கம், விலாவில் வலி, வாந்தி, பிறகு வலி எடுத்துக் குறைமாதப் பிரசவம். பனியன் கம்பெனியில் 8 மணி நேரம் உட்கார்ந்து தைக்கும் பெண் எழுந்து போக முடியாதே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். எரிச்சல் வந்தால் "சூடு புடிச்சுக்கிச்சு" என்று கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், இளநீர் வெட்டிக் கொடுக்கிறார்கள். இளநீர் நல்லதுதான். பாக்டீரியாவை அது கொல்லாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் பார்ப்பது அல்புமினும் சர்க்கரையும். அதில் இது தெரியாது. முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை சிறுநீர் கல்ச்சர், அதாவது பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, கேட்டுச் செய்யுங்கள். அதை எடுக்கிற விதத்தில்தான் பாதி முடிவுகள் கெடுகின்றன. காலையில் முதல் சிறுநீராக இருந்தால் நல்லது. வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவி, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் கொடுத்த மூடியுள்ள டப்பியில் பிடிக்க வேண்டும். டப்பியின் உள்விளிம்பை விரல் தொடக் கூடாது. வீட்டுக் குப்பி, பழைய டானிக் பாட்டில் எதுவும் ஆகாது. ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர வேண்டும். பெருந்துறையில் எடுத்து பஸ்ஸில் ஈரோடு கொண்டுபோய் மதியம் கொடுத்தால், வழியிலேயே பாக்டீரியா பெருகி இல்லாத நோயைக் காட்டும். பல வகை பாக்டீரியா கலந்த "கலப்பு வளர்ச்சி" என்று அறிக்கை வந்தால் மாத்திரை வாங்காமல் திரும்ப எடுங்கள். தொற்று உறுதியானால் கொடுத்த மாத்திரையை நாள் முடியும்வரை சாப்பிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு கல்ச்சர்.

37 வாரத்துக்கு முன் பன்னீர்க்குடம் கசிந்தாலும் இதே வழிதான். சொட்டுச் சொட்டாக வருவதைச் சிறுநீர் என்று நினைத்து இரண்டு நாள் கழிப்பார்கள். சுத்தமான வெள்ளைத் துணியோ நாப்கினோ வைத்து, கசிவு தொடங்கிய நேரத்தையும் நிறம், வாசனையையும் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். நேரமாக ஆகத் தொற்று உள்ளே ஏறும், அந்த அழற்சியே மூளைவாதத்துக்கு (செரிப்ரல் பால்சி) ஒரு காரணம். 34 வாரத்துக்கு உட்பட்டிருந்து, உள்தொற்று தெளிவாகத் தெரியாவிட்டால் குழந்தையின் நுரையீரலுக்காக டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக 4 ஊசி போடுவார்கள். 32 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகப்போகிறது என்றால் மெக்னீசியம் சல்ஃபேட் கேட்டுப் பாருங்கள். மூளைவாத வாய்ப்பை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. இரண்டும் மலிவான மருந்துகள். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

கட்டுத்தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காங்கேயம், தாராபுரம் பக்கம் மாடு கன்று போடும்போது, ஆடு குட்டி போடும்போது கூட நிற்பது பெண்கள்தான். மாசமாக இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாம். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியில் புரூசெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம், கருச்சிதைவு உண்டாக்கும். கறந்த பாலைப் பச்சையாகக் குடிப்பதும் சீம்பாலை அரைகுறையாகக் காய்ச்சிக் குடிப்பதும் வேண்டாம். பால் பொங்கி எழட்டும்.

கடைசியாக, டாக்சோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் போன்ற தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் டார்ச் ரத்தப் பரிசோதனை. இரண்டு தடவை கரு கலைந்தால் உடனே "டார்ச் எடுத்துப் பாருங்க" என்று ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிறார்கள். அறிக்கையில் ஐஜிஜி பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் வரும், வீடே அழும். ஐஜிஜி என்பது என்றோ வந்து போன நோயின் தழும்பு. சைட்டோமெகலோ வைரஸுக்கு நம் நாட்டுப் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது பாசிட்டிவாகத்தான் இருக்கும். ருபெல்லாவுக்குப் பாசிட்டிவ் என்றால் மகிழ்ச்சி. புதுத் தொற்றைக் காட்ட வேண்டிய எதிர்ப்பொருளான ஐஜிஎம் பாசிட்டிவ் என்பதும் பல நேரம் பொய்யாகவோ, மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதாகவோ இருக்கும். அப்போது கேட்க வேண்டியது அவிடிட்டி, அதாவது ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்ற அளவு. அது உயர்வு என்றால் தொற்று குறைந்தது மூன்று மாதத்துக்கு முந்தையது. கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் எடுத்த ரத்தத்தில் உயர் அவிடிட்டி இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கலாம். தொடர் கருச்சிதைவுக்கு இந்தப் பட்டியலால் விடை கிடைப்பது அபூர்வம்.

சைட்டோமெகலோவில் மட்டும் ஒரு கொக்கி. ஏற்கெனவே வந்திருந்தாலும் அது மறுபடி கிளம்பலாம், புது வகை தொற்றலாம், குழந்தைக்கும் தாண்டலாம். பெரும்பாலும் அது வருவது வீட்டிலிருக்கும் முதல் குழந்தையின் எச்சிலிலும் மூத்திரத்திலும். இரண்டு வயதுக்காரன் கடித்து வைத்த முறுக்கைத் தின்பது, அவன் ஸ்பூனை நக்கிச் சூடு பார்ப்பது, வாயில் முத்தம் கொடுப்பது மூன்றையும் கொஞ்சநாள் நிறுத்தி வையுங்கள். நெற்றியில் கொடுக்கலாம். துணி மாற்றிய பின் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

குழந்தை பிறந்ததும் தலைச் சுற்றளவை அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீளாத நாடாவால், புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் அதிகம் துருத்தும் இடத்தைச் சுற்றி எடுக்க வேண்டும். தலை நீண்டு பிறந்திருந்தால் ஒரு நாள் கழித்து மறுபடி. நிறைமாத ஆண் குழந்தைக்கு 31.9 சென்டிமீட்டருக்கும், பெண் குழந்தைக்கு 31.5-க்கும் குறைந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். காது கேட்கும் பரிசோதனையைத் தலை சரியாக இருந்தாலும் செய்யுங்கள். சைட்டோமெகலோ முதலில் தொடுவது பல நேரம் காதைத்தான். அதில் தேறாவிட்டால் குழந்தையின் உமிழ்நீரோ சிறுநீரோ 21 நாளுக்குள் பிசிஆருக்குப் போக வேண்டும். பாதிப்புள்ள குழந்தைக்கு மருந்து தொடங்க வேண்டியது முதல் மாதத்துக்குள். 25-ஆம் நாள் எடுத்ததில் வைரஸ் இருந்தால், அது வயிற்றுக்குள்ளேயே வந்ததா, பிறந்த பிறகு தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல ஆய்வகத்திடம் வழியில்லை.